எக்ஸ்போ நடத்தும் நகரம் எதையெல்லாம் தலையில் போட்டுக்கொள்கிறது?

மைதானத்தில் கூடாரம் அடித்து மூன்று நாள் நடத்தும் விற்பனைக்கும் எக்ஸ்போ என்றுதான் பெயர். ஜப்பானின் ஒசாகாவில் 2025இல் ஆறு மாதம் நடந்த உலகக் கண்காட்சிக்கும் அதே பெயர்தான். அதனாலோ என்னவோ, "மட்டக்களப்பிலயும் ஒரு எக்ஸ்போ வைக்கலாமே, வெளிநாட்டுக்காரர் வருவாங்க, காசு கொட்டும்" என்று சிலர் சொல்வதும், கேட்பவர்கள் தலையாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சுக்குள் மூன்று தவறான எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. எக்ஸ்போ ஒரு பெரிய சந்தை என்பது ஒன்று. விரும்பிய நகரம் நடத்தலாம் என்பது இன்னொன்று. நடத்தினால் இலாபம் என்பது மூன்றாவது, அதுதான் ஆபத்தானதும்.

அம்பாறையில் 2013 மார்ச்சில் நடந்த 'தேசத்திற்கு மகுடம்' கண்காட்சியைப் பார்த்தவர்களுக்கு விஷயத்தின் பாதி ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். கண்காட்சி நடந்தது சில நாட்கள்தான். ஆனால் அதைச் சாட்டாக வைத்து வீதிகள் திருத்தப்பட்டன, கட்டடங்கள் எழுந்தன. திகதி குறித்தாயிற்று, அதற்குள் முடித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்ததும், வருடக்கணக்காக இழுபட்ட வேலைகள் ஓட்டமாக ஓடின. உலகக் கண்காட்சியை ஓட வைப்பதும் இதே நெருக்கடிதான். அளவு மட்டும் பல நூறு மடங்கு.

குடித் திருவிழாவும் நாட்டு மண்டபமும்

எங்கள் பக்கத்துப் பெரிய கோயில்களில் திருவிழா நாட்கள் குடிகளுக்கும் (தாய்வழிக் குலங்களுக்கும்) ஊர்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். ஒரு குடிக்குரிய நாளில் பூசைச் செலவு, மேளம், சோடனை, அன்னதானம் எல்லாம் அந்தக் குடியின் கணக்கு. கோயில் பொது. கொடியேறும் நாளும் ஒழுங்கும் கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்மார் கையில். எந்தக் குடியின் திருவிழா திறம் என்று ஊர் பேசும் என்பதற்காகவே, ஒரு சதம் திரும்பி வராது என்று தெரிந்தும் போட்டி போட்டுச் செலவழிப்பார்கள். வெளியே வளையல் கடையும் கச்சான் கடையும் இருக்கும். ஆனால் கடைக்காக யாரும் கொடியேற்றுவதில்லை.

உலகக் கண்காட்சியில் குடியின் இடத்தில் நாடு நிற்கிறது. ஒவ்வொரு நாடும் தன் செலவில் ஒரு மண்டபம் வைத்து, தன்னை உலகுக்குக் காட்டுகிறது. மண்டபம் என்று இந்தக் கட்டுரையில் சொல்வது, ஒரு நாடு கண்காட்சிக் காலத்துக்கு மட்டும் தனக்கென எடுத்துக்கொள்ளும் கட்டடத்தை. ஒசாகாவிலேயே 1970இல் நடந்த கண்காட்சியில் இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது. அதை வடிவமைத்தவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. அங்கு விற்பனை நடக்கலாம், சாப்பாட்டுக் கடை இருக்கலாம். ஆனால் கணக்கில் முதலிடம் வியாபாரத்துக்கு இல்லை, மதிப்புக்குத்தான்.

திருவிழாவைக் குடி செய்யும். தீர்த்தத்துக்கு வரும் சனத்துக்குத் தண்ணீர், மலசலகூடம், பஸ், பொலிஸ், குப்பை எல்லாம் யார் பொறுப்பு? ஊர்ப் பொறுப்பு. எக்ஸ்போவிலும் அப்படியே. நாடுகள் மண்டபத்தோடு நின்றுவிடும், மிச்சம் முழுவதும் நடத்தும் நகரத்தின் தலையில் விழும்.

அனுமதி தருவது யார்?

இலண்டனில் 1851இல் நடந்ததைத்தான் முதல் உலகக் கண்காட்சியாகக் கொள்கிறார்கள். ஹைட் பார்க்கில் இரும்பும் கண்ணாடியும் கொண்டு கட்டிய 'கிறிஸ்டல் பலஸ்' மாளிகைக்குள் அது நடந்தது. சுமார் 60 இலட்சம் பேர் வந்தார்கள். அதன்பின் ஆளாளுக்கு உலகக் கண்காட்சி நடத்தத் தொடங்க, அழைக்கப்பட்ட நாடுகளுக்குச் செலவு தாங்கவில்லை. எதற்குப் போவது, எதை விடுவது என்ற சிக்கலைத் தீர்க்க 1928இல் பரிஸில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானது. அதைக் கவனிக்க அமைந்ததுதான் சர்வதேசக் கண்காட்சிப் பணியகம். இனிச் சுருக்கமாகப் பணியகம். இது ஐக்கிய நாடுகள் சபையின் கிளை அல்ல. நடத்தும் நகரத்துக்குக் கட்டுமானப் பணம் தரும் வங்கியும் அல்ல.

பணியகத்தின் கணக்கில் நாம் அறிய வேண்டிய வகைகள் இரண்டு.

உலக எக்ஸ்போ ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரும், ஆறு மாதம் வரை நடக்கும், பரப்புக்கு எல்லை இல்லை. ஒசாகாவின் தளம் 155 ஹெக்டேயர், எங்கள் கணக்கில் 383 ஏக்கர். நாடுகள் தாமே மண்டபம் கட்டலாம்.

சிறப்பு எக்ஸ்போ இரண்டு உலக எக்ஸ்போக்களுக்கு நடுவில் வரும். மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை நடக்கும். தளம் 25 ஹெக்டேயரைத் தாண்டக்கூடாது, அதாவது ஏறக்குறைய 62 ஏக்கர். கருப்பொருள் குறுகியது. மண்டபங்களை நடத்துபவரே கட்டி நாடுகளுக்குக் கொடுப்பார். செர்பியாவின் பெல்கிரேட் நகரம் 2027இல் நடத்தப்போவது இந்த வகை. தோட்டக்கலைக் கண்காட்சி தனி இனம், அதை இங்கே விட்டுவிடலாம்.

மட்டக்களப்பு போன்ற நகரத்தை வைத்துப் பேசுபவர்கள் ஒசாகாவையும் துபாயையும் உதாரணம் காட்டுவது பொருந்தாது. தென்கொரியாவின் தென்கரையில் இருக்கும் யோசு நகரத்தைக் காட்டலாம். சுமார் 3 இலட்சம் பேர் வாழும் துறைமுக ஊர் அது. 2012இல் கடலையும் கரையையும் கருப்பொருளாக வைத்து 93 நாள் சிறப்பு எக்ஸ்போ நடத்தியது. சுமார் 82 இலட்சம் வருகைகள் பதிவாகின. இந்த எண்ணுக்குப் பிறகு திரும்பி வருவோம்.

கேட்பது நகரமல்ல, அரசாங்கம்

மாநகர முதல்வர் பணியகத்துக்குக் கடிதம் எழுதி எக்ஸ்போ வாங்க முடியாது. நாட்டின் அரசாங்கம்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஏனென்றால் நட்டம் வந்தாலும் கண்காட்சியை நடத்தி முடிப்போம் என்ற உத்தரவாதத்தை அரசாங்கமே தர வேண்டும். பிறகு விரிவான திட்ட ஆவணம் போகும். தளம், போக்குவரத்து, செலவு, எத்தனை பேர் வருவார்கள், மூடிய பின் அந்த இடம் என்னவாகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பணியகத்தின் ஆய்வுக் குழு நேரில் வந்து பார்க்கும். கடைசியில் உறுப்பு நாடுகள் இரகசியமாக வாக்களிக்கும்.

ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. சின்னத் தீவுக்கும் பெரிய வல்லரசுக்கும் ஒரே எடை. அதனால் போட்டி பெரும்பாலும் தூதரகங்கள் வழியாகத்தான் நடக்கிறது. 2030ஆம் ஆண்டுக்கான வாக்கெடுப்பு 2023 நவம்பரில் நடந்தபோது ரியாத்துக்கு 119, பூசானுக்கு 29, ரோமுக்கு 17. நல்ல வரைபடம் வைத்திருந்தவர் வென்றார் என்று சொல்ல முடியாத இடைவெளி அது.

வென்ற பிறகும் வேலை முடியவில்லை. சட்டம், நிதி, திகதி எல்லாவற்றையும் உறுதி செய்யும் இன்னோர் ஆவணம் ஏற்கப்பட்டால்தான் நாடுகளுக்கு உத்தியோகபூர்வ அழைப்பு போகும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மண்டபம் நாடுகளின் விஷயம், ஊர் ஏற்பாடு நகரத்தின் விஷயம், உத்தரவாதம் அரசாங்கத்தின் விஷயம். பணியகம் விதி வைக்கும், காசு தராது.

மண்டபம் கட்டுவதில் எங்கே இடறுகிறது?

ஒசாகாவில் நாடுகளுக்கு முதலில் மூன்று வழிகள் வைத்தார்கள். வெறும் நிலத்தை எடுத்துத் தானே வடிவமைத்துக் கட்டுவது முதல் வழி. ஏற்பாட்டாளர் கட்டிய தனிக் கட்டடத்தை எடுத்து உள்ளே மட்டும் சோடிப்பது இரண்டாவது. ஒரு பொது மண்டபத்துக்குள் சின்னப் பகுதி எடுப்பது மூன்றாவது. முதல் வழிக்கு சுமார் 60 நாடுகள் விரும்பின. ஆனால் வளைந்தும் நெளிந்தும் இருந்த வரைபடங்களை எடுத்துக் கட்ட ஜப்பானிய நிறுவனங்கள் முன்வரவில்லை. கட்டுமானப் பொருள் விலை ஏறியிருந்தது, ஆள் பற்றாக்குறை இருந்தது. கட்டுமானத் தொழிலாளர்களின் மேலதிக நேரத்துக்கு 2024 ஏப்ரலில் இருந்து சட்டப்படி எல்லை வேறு வந்தது. அவசரத்துக்கு நான்காவது வழி ஒன்றைத் திறந்தார்கள்: பெட்டி போன்ற எளிய கட்டடத்தை ஏற்பாட்டாளரே கட்டிக் கொடுப்பது. தாமாகக் கட்டிய மண்டபங்கள் கடைசியில் நாற்பது சொச்சத்துக்குக் குறைந்தன. அப்படியும் நேபாளத்தின் மண்டபம் ஏப்ரலில் திறக்க முடியாமல் ஜூலையில்தான் திறந்தது.

உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பல வெளிநாட்டு மண்டபங்களில் வேலை செய்த ஜப்பானிய உப ஒப்பந்தக்காரர்கள் கண்காட்சி தொடங்கிய பிறகும் காசு வரவில்லை என்று பகிரங்கமாக முறையிட்டார்கள். நாடு ஒரு பிரதான நிறுவனத்துக்குக் கொடுக்கிறது, அது இன்னொன்றுக்கு, அது கீழே இன்னொன்றுக்கு. திறப்பு நாள் நெருங்க நெருங்க வரைபடம் மாறும். "முதல்ல முடிங்க, கணக்கைப் பிறகு பார்ப்பம்" என்பார்கள். மேலதிக வேலைக்கு எழுத்துக் கட்டளை இருக்காது. கண்காட்சி முடிந்து மேலே உள்ள நிறுவனம் நாட்டைவிட்டுப் போனால் யாரிடம் கேட்பது? மாற்றம் எதுவானாலும் கையொப்பமிட்ட தாள் வந்த பிறகே ஆணி அடிப்பது என்று வைத்தால் பாதிப் பிரச்சினை வராது. வேலையை நிறுத்தினால் திறப்பு நாள் தவறும் என்ற பயம் மேலே இருப்பவர்களுக்குத்தான் கூட. அந்தப் பலத்தைத் திறப்பு நாளுக்கு முன்புதான் பயன்படுத்தலாம்.

இலாபம் என்று சொன்னால் எந்தக் கணக்கில்?

ஒசாகா எக்ஸ்போ மிச்சம் காட்டியது என்று செய்தி வந்தது. பொய்யில்லை. ஆனால் எக்ஸ்போவுக்குக் கணக்குப் புத்தகம் ஒன்றல்ல, மூன்று.

முதலாவது நடத்தும் கணக்கு. காவல், துப்புரவு, விளம்பரம், ஊழியர் சம்பளம் போன்ற அன்றாடச் செலவு. ஒசாகாவில் இதற்கு 116 பில்லியன் யென் ஒதுக்கினார்கள். இதில் பெரும்பகுதி டிக்கெட்டில் வர வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் டிக்கெட் 7,500 யென். சுமார் 1 கோடியே 80 இலட்சம் டிக்கெட் விற்றால் சமன். அதைத் தாண்டி விற்றது, மிச்சம் வந்தது.

இரண்டாவது தளக் கணக்கு. நிலத்தைத் தயார் செய்வது, பொதுக் கட்டடங்கள், குழாய், மின்சாரம். 125 பில்லியன் யென் என்று தொடங்கிய மதிப்பீடு 185 ஆகி, 235 பில்லியனில் வந்து நின்றது. தளத்தைச் சுற்றிக் கட்டிய 2 கிலோமீற்றர் மர வளையத்துக்கு மட்டும் 34.4 பில்லியன். இந்தக் கணக்குக்கு டிக்கெட் காசு வருவதில்லை. நாட்டு அரசாங்கம், ஒசாகா மாகாணமும் மாநகரமும், தொழில் நிறுவனங்கள் என மூன்று பங்காகப் போட்டார்கள்.

மூன்றாவது ஊர்க் கணக்கு. தளத்துக்கு வெளியே போடும் ரயில் பாதை, பாலம், விமான நிலையம். ஒசாகாவில் தளம் இருந்த யுமேஷிமா தீவுக்கு மெற்றோவை நீட்டினார்கள். ஸ்பெயினின் செவில்லா நகரம் 1992இல் எக்ஸ்போ நடத்தியபோது மட்ரிட்டில் இருந்து அதிவேக ரயில் வந்தது. இவை பெரும்பாலும் எக்ஸ்போச் செலவில் எழுதப்படுவதில்லை. உண்மையான ஆதாயமும் உண்மையான கடனும் இருப்பது இந்தப் புத்தகத்தில்தான்.

மிச்சம் என்று அறிவிக்கும்போது காட்டுவது முதல் புத்தகத்தை மட்டும். இலண்டனில் 1851இல் கட்டடச் செலவையும் கழித்த பிறகு 1 இலட்சத்து 86 ஆயிரம் பவுண் மிஞ்சியது. அதில் காணி வாங்கித்தான் தென் கென்சிங்டனில் அருங்காட்சியகங்கள் வந்தன. எக்ஸ்போ என்றால் இலாபம் என்ற நினைப்புக்கு வேர் அங்கே இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடம் முன்கூட்டியே செய்த துண்டுகளைப் பூட்டியது, நிலம் ஏற்கெனவே இருந்த பூங்கா, புது ரயில் பாதை போட வேண்டியிருக்கவில்லை.

முதல் புத்தகமே கிழிந்த ஊர்களும் உண்டு. ஜேர்மனியின் ஹனோவர் 2000ஆம் ஆண்டில் 4 கோடிப் பேர் வருவார்கள் என்று எண்ணியது. வந்தது சுமார் 1 கோடி 80 இலட்சம். 1984இல் நியூ ஓர்லியன்ஸ் கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே வங்குரோத்தானது. பிழை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிறக்கிறது: செலவை ஈடுகட்ட எத்தனை பேர் வேண்டும் என்று முதலில் பார்த்து, அத்தனை பேர் வருவார்கள் என்று எழுதிவிடுவது.

சுருக்கம்: நடத்தும் கணக்கை டிக்கெட் ஈடுகட்டலாம். தளக் கணக்கை வரியும் நன்கொடையும் சுமக்கும். ஊர்க் கணக்கு எக்ஸ்போ இல்லாமலும் தேவைப்பட்ட வேலையா என்று கேட்டால்தான் அது முதலீடா வீண்செலவா என்று தெரியும்.

கல்லடிப் பாலத்தில் 11 செக்கனுக்கு ஒரு பஸ்

யோசுவின் எண்ணுக்கு வருவோம். 82 இலட்சத்தை 93 நாளால் பிரித்தால் நாளுக்கு சுமார் 88,000 பேர். இதை அப்படியே மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, தளம் கல்லடிப் பக்கம் இருப்பதாகவும், எல்லோரும் வாவிக்கு அந்தப் பக்கம் உள்ள புளியந்தீவுப் பக்கமிருந்து கல்லடிப் பாலம் வழியாக, 50 பேர் ஏறும் பஸ்ஸில் வருவதாகவும் வைத்துக்கொள்வோம். 1,760 பஸ் வேண்டும். கண்காட்சிக்கு வருபவர்கள் நாள் முழுதும் பரவி வரமாட்டார்கள், முக்கால்வாசிப் பேர் காலை எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வந்துவிடுவார்கள் என்றால், மணித்தியாலத்துக்கு 330 பஸ். அதாவது கல்லடிப் பாலத்தில் ஒரு பக்கமாக 11 செக்கனுக்கு ஒரு பஸ். இடையில் ஒரு பஸ் பழுதானால் முடிந்தது கதை.

அதுவும் சராசரி நாள். திட்டமிடுபவர்கள் சராசரியை வைத்துக் கட்டுவதில்லை. சனம் கூடிய நாட்களில் ஒன்றைத் தெரிந்து, அந்த நாளுக்குத் தாங்குமாறு கட்டுவார்கள். அதைத் திட்ட நாள் என்போம். ஒசாகாவில் சராசரி நாளுக்கு சுமார் 1 இலட்சத்து 39 ஆயிரம் பேர். கடைசி வாரங்களில் 2 இலட்சத்தைத் தாண்டியது. பெரும்பாலான எக்ஸ்போக்களில் இப்படித்தான். முதல் மாதம் காலி, கடைசி மாதம் நெரிசல். "பிறகு போவம்" என்று தள்ளிவைத்த அத்தனை பேரும் மூடப்போகிறார்கள் என்றதும் ஒன்றாக வருவார்கள்.

ஒற்றை வழியை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒசாகாவே சாட்சி. தளத்துக்கு ஒரேயொரு மெற்றோ பாதை. 2025 ஓகஸ்ட் 13 இரவு அதில் மின்தடை. சுமார் 30,000 பேர் தீவில் மாட்டிக்கொண்டார்கள், பலர் விடியும்வரை அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. கடுங்கோடையில் பலர் சுகவீனமுற்று வைத்தியசாலைக்குப் போனார்கள். தண்ணீராலும் பாலத்தாலும் பிரிந்து கிடக்கும் எங்கள் நகரத்துக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல.

தண்ணீரையும் பார்ப்போம். குடிக்க, கைகழுவ, மலசலகூடத்துக்கு என்று ஆளுக்கு 20 லீற்றர் வைத்தால் 88,000 பேருக்கு நாளுக்கு 17 இலட்சத்து 60 ஆயிரம் லீற்றர். 10,000 லீற்றர் பவுசரில் 176 நடை. பவுசரால் சமாளிக்கும் அளவல்ல, குழாய் வேண்டும். உள்ளே வந்த தண்ணீர் வெளியேயும் போக வேண்டும். வாவியோர மணல் நிலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது, அங்கே குழி வெட்டி மலசலகூடம் கட்டினால் பக்கத்துக் கிணறுகள் கெடும். கழிவுநீர்க் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் இல்லாமல் இந்தக் கூட்டத்தை அழைக்கவே கூடாது. பெண்கள் பக்க மலசலகூடங்களை ஆண்கள் பக்க எண்ணிக்கைக்குச் சமமாகக் கட்டுவது இன்னொரு பழைய பிழை. வரிசை எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்கும்.

வெறுங்காணி ஏன் வெறுமையாய்க் கிடக்கிறது?

நகரத்துக்குப் பக்கத்தில் 62 ஏக்கர் காலியாகக் கிடந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் காரணம் கேட்க வேண்டும். யுமேஷிமா குப்பையும் தூர்வாரிய மண்ணும் கொட்டி நிரப்பிய தீவு. 2024 மார்ச்சில் அங்கே உருக்கி ஒட்டும் வேலை நடந்தபோது, நிலத்தடியில் இருந்து வந்த மீதேன் வாயு தீப்பொறி பட்டு வெடித்தது. எங்கள் பக்கம் காலியாகக் கிடக்கும் வாவியோரக் காணி பெரும்பாலும் மாரியில் தண்ணீர் நிற்கும் காணி. அதை நிரப்பினால் தண்ணீர் இல்லாமல் போகாது, அடுத்த ஊருக்குப் போகும்.

மூடிய பிறகு

செவில்லாவில் 4 கோடிக்கு மேல் வருகைகள். ஆனால் மூடிய பின் தளத்தின் பல பகுதிகள் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. தொழில்நுட்பப் பூங்காவாக அது உயிர்பெறக் காலம் எடுத்தது. லிஸ்பன் 1998இல் செய்தது வேறு. பழைய எண்ணெய்க் கிடங்குகளும் தொழிற்சாலைகளும் இருந்த ஆற்றோர நிலத்தை எடுத்து, ஒவ்வொரு பெரிய கட்டடத்துக்கும் அடுத்த வேலையை முன்னரே தீர்மானித்துவிட்டுக் கட்டியது. ஒரு மண்டபம் உள்ளரங்கானது, இன்னொன்று வர்த்தகக் கண்காட்சி நிலையமானது, கடல்வாழ் உயிரினக் காட்சியகம் அப்படியே தொடர்ந்தது. ரயில் நிலையமும் மெற்றோவும் அந்தப் பகுதியைக் குடியிருப்பாக்கின. திறப்பதற்கு முன்பே மூடிய பின்னைத் திட்டமிட்டதுதான் வித்தியாசம்.

பிரித்தெடுக்கவும் காலம் வேண்டும். ஒசாகாவில் தாமாகக் கட்டிய நாடுகள் மண்டபத்தைக் கழற்றி வெறும் நிலமாகத் திருப்பிக் கொடுக்க சுமார் ஆறு மாதம் கிடைத்தது. இங்கே நடத்துவதானால் கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரையான வரண்ட காலத்தைத்தான் தெரிவு செய்ய வேண்டும். ஓகஸ்ட் நடுவில் மூடினால் வடகீழ் மாரி தொடங்க இரண்டரை மாதம்தான் மிச்சம். அதற்குள் 62 ஏக்கரில் உள்ள கூரை, கம்பி, வயர், தற்காலிகத் தரை எல்லாம் வெளியேறி, நிரப்பிய வாய்க்கால்கள் மறுபடி வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே கழற்றும் வேலைக்கான கேள்விப்பத்திரம் கண்காட்சி திறப்பதற்கு முன்பே கோரப்பட்டிருக்க வேண்டும், அதற்கான பணமும் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.